லோடிங் காயிலின் இரு முனைகளில் மின்னோட்டம்: வீச்சு குறையும்போது கட்டம் ஏன் மாறவில்லை?

கேள்வி
எழுதியவர்: குறுங்கம்பி

அனைவருக்கும் வணக்கம். ஒரு வாரமாக எனக்கு விளங்காமல் இருக்கும் ஓர் அளவீட்டை உங்கள் முன் வைக்கிறேன். 3.7 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசையும்படி, 2.5 மீட்டர் உயரமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட கம்பி ஒன்றை ஆன்டெனாவாகச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியில் ஒரு லோடிங் காயிலை, அதாவது குட்டையான ஆன்டெனாவை ஒத்திசைய வைக்கும் கம்பிச்சுருளை, பொருத்தியிருக்கிறேன். காயில் ஒற்றை அடுக்காகச் சுற்றப்பட்டது. விட்டம் 6 சென்டிமீட்டர், நீளம் 15 சென்டிமீட்டர், சுற்றுகள் 64. தரைக்கு, அடியிலிருந்து நாலாபுறமும் செல்லும் ரேடியல் கம்பிகள் விரித்திருக்கிறேன்.

இந்த அலைவரிசையில் அலைநீளம் 81 மீட்டர். ஒரு முழு அலைநீளத்தை 360 டிகிரியாகக் கொண்டால், என் கம்பி மின் அளவில் 11 டிகிரிதான். ஒத்திசையும் கால் அலைநீளமான 90 டிகிரிக்கு இன்னும் 79 டிகிரி வேண்டும். அந்தக் குறையைக் காயில் நிரப்புகிறது என்று ஒருவர் எனக்கு விளக்கினார். அது உண்மையானால், காயிலின் மேல்முனையில் மின்னோட்டம் அடிமுனையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும், ஏனெனில் 79 டிகிரியின் கோசைன் 0.19. இன்னொருவரோ, காயில் என்பது ஒரு மின்தூண்டி மட்டுமே, ஒரு முனையில் நுழையும் மின்னோட்டம் மறுமுனையில் அப்படியே வெளிவர வேண்டும், கிர்க்காஃப் விதி அதைத்தான் சொல்கிறது என்றார்.

இருவரில் யார் சொல்வது சரி என்று பார்க்க, ஃபெரைட் வளையங்களில் இரண்டு மின்னோட்ட உணரிகளைச் சுற்றி, காயிலின் அடியில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக வைத்து அளந்தேன். அடியில் 1 என்றால் உச்சியில் 0.74 வந்தது. இது இருவர் கூற்றுக்கும் பொருந்தவில்லை. அதைவிடக் குழப்பமானது கட்ட வேறுபாடு, அதாவது ஓர் அலைவடிவம் மற்றதைவிட எவ்வளவு பின்தங்குகிறது என்பது: இரண்டு அலைவடிவங்களுக்கும் இடையில் 2 டிகிரிக்கு மேல் இல்லை. 3.7 மெகாஹெர்ட்ஸில் 2 டிகிரி என்பது ஒன்றரை நானோவினாடி. காயிலில் இருக்கும் கம்பியை நீட்டினால் 12 மீட்டர் வரும். அதைக் கடக்க ஒளிக்கே 40 நானோவினாடி ஆகும். அப்படியிருக்க, மின்னோட்டம் ஒன்றரை நானோவினாடியில் எப்படிக் காயிலைக் கடக்கிறது? அளவீடு பிழையா, என் புரிதல் பிழையா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


மறுமொழி
எழுதியவர்: அலைத்தடம்

வணக்கம் நண்பரே. உங்கள் கட்ட அளவீடு பிழையல்ல என்றே நினைக்கிறேன். அதிலிருந்து காலத் தாமதத்தைக் கணக்கிட்ட இடத்தில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. இதை முதலில் தெளிவாக்கிவிட்டால் மற்றவை எளிது.

ஆன்டெனாவின் உச்சி திறந்த முனை. அடியிலிருந்து மேலே செல்லும் அலை அங்கே மோதி ஏறக்குறைய முழுமையாகத் திரும்புகிறது. இத்தனை குட்டையான ஆன்டெனாவில் ஒரு பயணத்தில் கதிர்வீச்சாக வெளியேறுவது மிகச் சிறிய பங்கு என்பதால், மேலேறும் அலையும் கீழிறங்கும் அலையும் கிட்டத்தட்டச் சம வீச்சுடையவை. மேலேறும் அலையின் கட்டம் உயரம் கூடக் கூடப் பின்தங்குகிறது. கீழிறங்கும் அலையின் கட்டம் அதே அளவு முந்துகிறது. இரண்டையும் கூட்டும்போது பின்தங்கலும் முந்தலும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எஞ்சுவது நிலை அலை. அதில் எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுகின்றன, ஒரே கணத்தில் சுழியைக் கடக்கின்றன. இடத்துக்கு இடம் மாறுவது அந்த உச்சத்தின் அளவு மட்டுமே. உங்கள் உணரி காண்பது இந்தக் கூட்டுத்தொகையைத்தான். மேலேறுவதைத் தனியாகவும் கீழிறங்குவதைத் தனியாகவும் பிரித்துக் காட்டும் ஆற்றல் அதற்கு இல்லை.

இழுத்துக் கட்டி மீட்டிய தந்தியை நினைத்துப் பாருங்கள். அடிப்படை அதிர்வில் அதன் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தே மேலெழுந்து சேர்ந்தே தாழ்கின்றன. அதைப் பார்த்து, தந்தியில் அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேரமே எடுக்காமல் செல்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நிலை அலையின் கட்டத்தைக் கொண்டு காயிலின் தாமதத்தை அளப்பதும் இதைப் போன்றதுதான்: காயிலின் தாமதம் 5 நானோவினாடியாக இருந்தாலும் 50 நானோவினாடியாக இருந்தாலும், இழப்பற்ற நிலையில் உங்களுக்குக் கிடைக்கும் கட்ட வேறுபாடு சுழியே. நீங்கள் கண்ட 2 டிகிரி, இழப்பும் கதிர்வீச்சும் விட்டுச்சென்ற சிறு எச்சமாகவோ உணரிகளின் வேறுபாடாகவோ இருக்கலாம்.

தாமதம் பற்றிய செய்தி வீச்சில் ஒளிந்திருக்கிறது. ஒத்திசைவில் அடிமுனை மின்னோட்டத்தின் எதிர்கணு, அதாவது வீச்சு மிகுந்த இடம். அங்கிருந்து மேலே போகப் போக வீச்சு கோசைன் வடிவில் குறைகிறது. ஆகவே காயிலின் மின் நீளத்தின் கோசைன்தான் இரு முனை மின்னோட்டங்களின் விகிதம். அந்த மின் நீளம் 79 டிகிரி அல்ல என்பதையும் கணக்கிட்டே காட்டலாம்.

உங்கள் கம்பியை ஒரு டிரான்ஸ்மிஷன் லைனாக, அதாவது அலையை ஏந்திச் செல்லும் தடமாக, கொண்டால் அதன் சராசரிச் சிறப்பியல்பு இம்பீடன்ஸ் (ஒரு திசையில் செல்லும் அலையில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்) சுமார் 427 ஓம். 11 டிகிரி நீளமுள்ள திறந்த லைன் அடியில் காட்டும் மின்மறுப்பு (மின்தேக்கமோ மின்தூண்டலோ மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு), அந்த 427ஐ 11 டிகிரியின் கோடான்ஜென்டால் பெருக்கக் கிடைக்கும் சுமார் 2180 ஓம். அதாவது கம்பி 20 பிக்கோஃபாரட் மின்தேக்கியைப் போல நடந்துகொள்கிறது. காயிலையும் ஒரு லைனாகவே பாருங்கள். 1947இல் மெட்ஹர்ஸ்ட் வெளியிட்ட ஒற்றை அடுக்குச் சுருளுக்கான வாய்பாட்டின்படி உங்கள் காயிலின் தன்மின்தேக்குத்திறன் (ஒரே மின்தேக்கியாகக் கருதும்போது வரும் சமான மதிப்பு) 3.2 பிக்கோஃபாரட், மின்தூண்டல் எண் 80 மைக்ரோஹென்றியை ஒட்டி வரும். இவற்றிலிருந்து காயிலின் சிறப்பியல்பு இம்பீடன்ஸ் சுமார் 3000 ஓம் என்று கிடைக்கிறது. ஒத்திசைவுக்கு வேண்டியது, 3000ஐக் காயிலின் மின் நீளத்தின் டான்ஜென்டால் பெருக்கினால் 2180 வர வேண்டும் என்பதே. விடை 36 டிகிரி.

காயில் 36, கம்பி 11, ஆக 47 டிகிரி. மீதி 43 டிகிரி எங்கே என்று கேட்பீர்கள். 3000 ஓம் லைன் முடிந்து 427 ஓம் லைன் தொடங்கும் அந்த ஒரு புள்ளியில், இம்பீடன்ஸ் திடீரென மாறுவதால் பிரதிபலிப்பின் கட்டம் தாவுகிறது. எந்த நீளமும் இல்லாமல் அந்தப் புள்ளியே 43 டிகிரியைத் தருகிறது. காயில் குறையும் டிகிரிகளை நிரப்புகிறது என்ற விளக்கம் இந்தத் தாவலை மறந்துவிடுவதால்தான் தவறாகிறது. 36 டிகிரியின் கோசைன் 0.81. நீங்கள் அளந்த 0.74 அதற்கு அருகில் இருக்கிறது. இடைவெளி உணரிகளால் வந்ததா என்று பாருங்கள்.

அந்த 36 டிகிரி, காலத்தில் 27 நானோவினாடி. கம்பியின் வழியே சுற்றிச் சுற்றிப் போனால் ஆகும் 40ஐவிடக் குறைவு, 15 சென்டிமீட்டரை நேராகக் கடக்க ஒளிக்கு ஆகும் அரை நானோவினாடியைவிட மிக அதிகம். அடுத்தடுத்த சுற்றுகள் காந்தப்புலத்தால் பிணைந்திருப்பதால் அலை ஒவ்வொரு சுற்றையும் முழுமையாக நடந்து தீர்க்க வேண்டியதில்லை. கம்பியின் நீளத்தை வைத்து மின் நீளத்தைக் கணிப்பதும் ஆகையால் சரிவராது.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், கம்பியைக் கழற்றிவிட்டு, காயிலின் உச்சியிலிருந்து தரைக்குத் தூண்டலற்ற 3000 ஓம் மின்தடை ஒன்றை இணையுங்கள். இப்போது திரும்பி வரும் அலை ஏறக்குறைய இல்லை. காயிலில் ஓடுவது முன்னேறு அலை மட்டும். இரு முனைகளிலும் வீச்சு ஏறத்தாழச் சமமாகவும் கட்ட வேறுபாடு 36 டிகிரியை ஒட்டியும் வர வேண்டும். நிலை அலையில் வீச்சு மாறிக் கட்டம் மாறாதிருந்த அதே காயில், முன்னேறு அலையில் வீச்சு மாறாமல் கட்டத்தை மாற்றும். மின்தடைக்குப் போகும் கம்பியைக் காயிலை ஒட்டி இறக்காமல் தள்ளிக் கொண்டு வாருங்கள். ஒட்டி இறக்கினால் காயிலின் சிறப்பியல்பு இம்பீடன்ஸே மாறிவிடும்.


மறுமொழி
எழுதியவர்: சுற்றுவிதி

மேலே உள்ள விளக்கத்தில் எண்கள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அலைகளைக் கொண்டுவராமலேயே இதே விடையை அடைய முடியும் என்பதையும், கிர்க்காஃப் விதி இங்கே தோற்றுப்போகவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஒரு முனையில் 1 நுழைந்து மறுமுனையில் 0.81 வெளிவந்தால், 0.19 எங்கேயோ போயிருக்க வேண்டும். அது இடப்பெயர்ச்சி மின்னோட்டமாக, காயிலின் மேற்பரப்பிலிருந்து காற்றின் வழியே தரைக்கும் ரேடியல்களுக்கும் போகிறது. அடியில் 1 ஆம்பியர் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். உச்சியில் 0.81 ஆம்பியரை 2180 ஓமால் பெருக்கினால் சுமார் 1760 வோல்ட். காயில் நெடுகிலும் மின்னழுத்தத்தின் சராசரி 910 வோல்ட் அளவில் இருக்கும். காயிலுக்கும் சூழலுக்கும் இடையில் பரவிக் கிடக்கும் மின்தேக்குத்திறன் மொத்தம் 9 பிக்கோஃபாரட், 3.7 மெகாஹெர்ட்ஸில் அதன் வழியே 910 வோல்ட் செலுத்தும் மின்னோட்டம் 0.19 ஆம்பியர். கணக்கு நேராகிவிட்டது. அந்தச் சிறு மின்தேக்கிகளையும் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டால், நுழைவதும் வெளியேறுவதும் ஒவ்வொரு சந்தியிலும் சமமாகவே இருக்கும்.

ஆகையால் மின்தூண்டியில் மின்னோட்டம் இருபுறமும் சமம் என்ற கூற்று, சூழலோடு மின்தேக்குத்திறன் இல்லாத காயிலுக்குப் பொருந்தும். இதே வேலையை ஓர் இரும்புத்தூள் வளையத்தில் சுற்றிய சிறு காயிலால் செய்து, அதன் சிதறிய மின்தேக்குத்திறனை 2 பிக்கோஃபாரட்டுக்குள் வைத்தால், இரு முனைகளுக்கும் இடையிலான வேறுபாடு 5 விழுக்காட்டைத் தாண்டாது. அப்போது சமம் என்று சொல்பவர் நடைமுறையில் சரியாகவே சொல்கிறார். காயில் பருமனாகவும் நீளமாகவும் ஆக, அவர் சொல்வது விலகிக்கொண்டே போகும்.

கணினி மாதிரிகளைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆன்டெனாக்களைக் கணிக்கும் நெக் (NEC) வகை நிரல்களில் காயிலை ஒரு லோடாக ஒரே துண்டில் பதித்தால், அந்த லோடுக்கு உருவமோ பரப்போ இல்லை. ஆகவே அதன் இருபுறமும் மின்னோட்டம் சமமாக இருப்பதாகத்தான் நிரல் காட்டும். அது நிரல் கண்டுபிடித்த முடிவல்ல, நாமே உள்ளே வைத்த எடுகோள். காயிலைச் சிறு நேர்க்கம்பித் துண்டுகளால் ஆன திருகு வடிவமாக வரைந்து ஓட்டிப் பாருங்கள். வீச்சு குறைவது தானாகவே வெளிப்படும்.


மறுமொழி
எழுதியவர்: அலைத்தடம்

முழுமையாக உடன்படுகிறேன். பரவிய மின்தூண்டலும் பரவிய மின்தேக்கமும் சேர்ந்ததைத்தான் டிரான்ஸ்மிஷன் லைன் என்கிறோம். நம் இருவர் கணக்கும் ஒன்றே. நான் வலியுறுத்த வந்தது ஒன்றை மட்டும்: நிலை அலையின் கட்டம் மாறவில்லை என்பதைக் காட்டி, காயிலில் தாமதமே இல்லை என்றோ, அது புள்ளியளவான மின்தூண்டி என்றோ வாதிடுவது செல்லாது. அந்த அளவீடு எந்தப் பக்கத்துக்கும் சான்றாகாது. பல ஆண்டுகளுக்கு முன் நானே அதைச் சான்றாக நம்பி, நன்றாக இயங்கிய ஒரு காயிலைப் பிரித்துச் சுற்றியிருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.


மறுமொழி
எழுதியவர்: அளவி

அளவீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டு உணரிகளும் ஒரே அளவு உணர்திறன் உடையவை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிச் சுற்றினாலும் இரண்டு ஃபெரைட் வளையங்களும் இரண்டு டையோடுகளும் ஒத்துப்போவது அரிது. உணரிகளை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றி வைத்து மறுபடியும் அளந்து, இரண்டு விகிதங்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஓர் அளவீட்டில் கூடுதலாகக் காட்டிய உணரி மற்றதில் அதே மடங்கு எதிர்த்திசையில் பிழை காட்டுவதால், பெருக்கலில் பிழை நீங்கிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து உச்சி உணரியிலிருந்து இறங்கும் கம்பி. ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும் இடத்தில் ஒரு கோஆக்சியல் கேபிளைத் தொங்கவிட்டால், அந்தக் கேபிளே காயிலுக்கு அருகில் புதிய தரையாகிவிடுகிறது. நீங்கள் அளக்க வந்த பொருளே மாறிப்போகிறது. அதன் மேலுறையின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் ஓடும். வீச்சு மட்டும் போதும் என்றால், உணரியோடு டையோடும் ஒரு சிறிய முள் மீட்டரும் சேர்த்து அங்கேயே நிறுத்தி, தூரத்திலிருந்து படித்துக்கொள்ளுங்கள். கட்டமும் வேண்டுமென்றால், மின்கலத்தில் இயங்கும் சிறு சுற்றும் ஒளியிழையும் தேவைப்படும். உணரியின் பெட்டியை இயன்றவரை சிறிதாக வையுங்கள். அது சேர்க்கும் ஒவ்வொரு பிக்கோஃபாரட்டும் 20 பிக்கோஃபாரட் கொண்ட உங்கள் கம்பிக்கு 5 விழுக்காடு.


மறுமொழி
எழுதியவர்: குறுங்கம்பி

அனைவருக்கும் நன்றி. நண்பர் சொன்னது உண்மை. கோஆக்சியல் கேபிளைத்தான் தொங்கவிட்டிருந்தேன். அதை நீக்கிவிட்டு, முள் மீட்டரோடு அளந்தபோது முதல் விகிதம் அதே 0.74 ஆகவே இருந்தாலும், காயிலின் ஒத்திசைவு சற்று மேலே நகர்ந்திருந்ததால் மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. சரிசெய்த பின் 0.75. உணரிகளை இடம் மாற்றி வைத்தபோது 0.88. இரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் எடுத்தால் 0.81. கணக்கில் சொன்ன எண்ணே கிடைத்ததைக் கண்டு நெடுநேரம் அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மின்தடைச் சோதனையையும் செய்தேன். 1000 ஓம் கார்பன் மின்தடைகள் மூன்றைத் தொடராக இணைத்தேன். வீச்சு விகிதம் 0.95 அளவில் வந்தது. கட்டத்தை அளக்க ஒளியிழை என்னிடம் இல்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. காயிலின் உச்சியில் மின்னோட்டம் குறைவதைத் தடுக்க எளிய வழி உண்டா? காயிலை அடியில் வைக்காமல் கம்பியின் நடுவில் வைத்தால், அங்கேயும் இதே அளவுதான் குறையுமா?


மறுமொழி
எழுதியவர்: அலைத்தடம்

முதல் கேள்விக்கு: கம்பியின் உச்சியில், காயிலிலிருந்து விலகி, ஒரு மின்தேக்கத் தொப்பியை (விரிந்த கம்பிகளால் ஆன அமைப்பை) வையுங்கள். அது 20 பிக்கோஃபாரட்டை 40 ஆக்கினால் வேண்டிய மின்மறுப்பு பாதியாகிவிடும். அதே சுற்று இடைவெளியில் காயிலும் 45 மைக்ரோஹென்றி அளவுக்குக் குட்டையாகும், அதன் மின் நீளம் 20 டிகிரியாகச் சுருங்கும். 20 டிகிரியின் கோசைன் 0.94. மின்னோட்டம் கம்பியின் உச்சி வரை கூடுதலாக நிலைப்பதால் கதிர்வீச்சும் கூடும், காயிலின் இழப்பும் குறையும். தொப்பியைக் காயிலுக்கு மேலேயே ஒட்டி வைத்தால், கம்பியின் மேற்பகுதி வீணாவதோடு காயிலின் சிதறிய மின்தேக்கமும் கூடிவிடும்.

இரண்டாவது கேள்வியில் உங்கள் ஐயம் சரியான இடத்தைத் தொடுகிறது. நடுவில் வைத்தால் மேலே எஞ்சும் கம்பி 1.25 மீட்டர்தான், அதன் மின்மறுப்பு 4000 ஓமை நெருங்குகிறது. அதே வகைக் காயில் இப்போது 52 டிகிரி நீளம் கொள்ள வேண்டியிருக்கும், மேல்முனை மின்னோட்டம் 0.60 ஆகக் குறையும். காயிலின் இருபுறமும் மின்னோட்டம் சமம் என்று கொண்டால், மின்னோட்டத்தை உயரத்தோடு பெருக்கிக் கூட்டிய பரப்பு 1.88 ஆம்பியர் மீட்டர் என்று வரும், உண்மையில் 1.63தான் கிடைக்கும். கதிர்வீச்சு இதன் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அடியில் அதே 1 ஆம்பியருக்கு எதிர்பார்த்ததில் முக்கால் பங்குதான் வெளியேறும். ஆனாலும் அடியில் வைத்த காயிலுக்கு இந்தப் பரப்பு 1.01 மட்டுமே. நடுவில் காயில் தரையிலிருந்து விலகி நிற்பதால் அதன் சிறப்பியல்பு இம்பீடன்ஸ் 3000க்கு மேல் போகக்கூடும். அப்போது விகிதம் 0.60ஐவிடச் சற்று மேம்படும்.

காயில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது விகிதத்தை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு, நீண்ட ஆன்டெனா ஒன்றைச் சொல்லலாம். மின்னோட்டத்தின் கணு, அதாவது வீச்சு சுழியாகும் இடம், காயிலின் நடுவில் விழும்படி அது அமைந்திருந்தால், இரு முனைகளிலும் வீச்சு சமமாக இருக்கும். ஆனால் கட்டம் 180 டிகிரி மாறியிருக்கும். அதாவது அரைச் சுழற்சியில் இரு முனைகளிலிருந்தும் மின்னோட்டம் காயிலுக்குள் நுழையும், அடுத்த அரைச் சுழற்சியில் இரு முனைகளிலிருந்தும் வெளியேறும். நுழைந்தது இடையில் மின்னூட்டமாகக் காயிலின் மேற்பரப்பில் தங்கி நிற்கும். நிலை அலையில் கட்டம் இப்படிக் கணுவைக் கடக்கும் இடத்தில் மட்டும் 180 டிகிரியாகத் தாவுகிறது. உங்கள் காயிலில் கணு எதுவும் இல்லை; ஆகவேதான் சுழியை ஒட்டிய 2 டிகிரியைக் கண்டீர்கள்.